மார்கழிக்கு எந்த டச்சு?

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருகோணமலையை ஒல்லாந்தர் முதன்முதலில் பிடித்தது 1639இல். போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துக் கண்டி அரசனிடம் ஒப்படைத்தார்கள். 1665இல் திரும்பி வந்தபோது யாரிடமும் ஒப்படைக்கவில்லை; தாமே வைத்துக்கொண்டார்கள். 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார், பிறகு மீண்டும் ஒல்லாந்தர், கடைசியாக 1795இல் ஆங்கிலேயர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறைமுக வாயிலில் ஒல்லாந்தர் கொடி பறந்திருக்கிறது. இருந்தும் அவர்களுடைய மொழி ஊரின் வாயில் ஏறவேயில்லை.

அதற்குக் காரணம் ஊரார் அல்லர், ஒல்லாந்தரேதான். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் டச்சுக்காரரோடு ஜெர்மானியரும் பிறரும் கலந்திருந்தார்கள். அவர்களில் பலர் மணந்த பெண்கள் போர்த்துக்கேயம் பேசும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகளைத் தாலாட்டிய ஆயாக்கள் பேசியதும் அதுவே. டச்சு மொழியைப் பரப்ப மேலிடத்தார் எவ்வளவோ முயன்று பார்த்தார்கள். அடுப்படி வரை அந்த முயற்சி செல்லவில்லை. இன்றைக்கும் மட்டக்களப்பிலும் திருகோணமலைப் பாலையூற்றுப் பக்கத்திலும் பறங்கியர் வீட்டு முதியவர்களிடம் மிஞ்சியிருப்பது போர்த்துக்கேயக் கிரியோல்தான், டச்சு அல்ல. வென்றவர்கள் தோற்றவர்களின் மொழியை அரைகுறையாகப் பேசிக் காலம் தள்ளிய ஊர் இது.

அப்படித் தள்ளியவர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. கீழைக் கடல் முழுவதிலும் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த நாளில் கைகொடுத்தது போர்த்துக்கேயம். முழு மொழி எதையும் தேடாமல், துறைமுகத்துக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மொழியை அரைகுறையாகத் தெரிந்திருப்பதில் குற்றமில்லை. எந்த அரையைத் தெரிந்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். இன்றைய பேச்சின் பொருளும் அதுதான்.

ஏனென்றால் பயணம் இப்போது திசை மாறியிருக்கிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கைத் தமிழர் நெதர்லாந்துக்கு அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாட்டின் வடமேற்கு மூலையில், கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த டென் ஹெல்டர் நகரில், அவர்கள் வழிபடும் செல்வவிநாயகர் கோயில் இருக்கிறது. டென் ஹெல்டர் அந்த நாட்டுக் கடற்படையின் தலைமைத் துறைமுகம். கடற்படை முகாமும் கோயிலும் ஒரே ஊரில் இருப்பது திருகோணமலைக்காரருக்குப் புதுமையாகப் படாது. இப்படி அங்கே வேர்விட்ட பிள்ளைகள் இங்குள்ள தாய் தகப்பனை அழைப்பது பெரும்பாலும் டிசம்பரில்தான். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு கிழமை விடுமுறை, வேலைத்தலங்களிலும் ஓய்வு, பேரப்பிள்ளைகள் வீட்டில். இங்கே வாடைக் காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கிற மார்கழியில் ஒரு முதியவர் விமானம் ஏறுகிறார். அவர் கையில் இருக்க வேண்டிய டச்சு எது?

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். உறவினரைப் பார்க்கக் குறுகிய கால விசாவில் போகிறவருக்கு மொழித் தேர்வு எதுவும் இல்லை. 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். கணவனோடு அல்லது மனைவியோடு சேர்ந்து நிலையாக வாழப் போகிறவர் விஷயம் வேறு. 2006 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, அவர்களில் பெரும்பாலோர் புறப்படுவதற்கு முன்பே நெதர்லாந்துத் தூதரகத்தில் அடிப்படைத் தேர்வில் தேற வேண்டும். பேச்சு, வாசிப்பு, அந்த நாட்டுச் சமூகத்தைப் பற்றிய அறிவு என மூன்று பகுதிகள். கேட்கப்படும் தரம் ஏ1, அதாவது ஆரம்பத்திலும் ஆரம்பம். அங்கே போன பிறகு எழுத வேண்டிய தேர்வு கடினமானது. 2022 சனவரியில் வந்த புதிய சட்டம் அதைப் பொதுவாக பி1 தரத்துக்கு உயர்த்திவிட்டது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பாடப் பொதி உண்டு, கட்டணம் வாங்கிச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் உண்டு. திண்டாடுவது தேர்வு இல்லாதவர்கள்தான். அவர்களை யாரும் தயார்ப்படுத்துவதில்லை. “அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் அம்மா, நீங்க சும்மா வாங்கோ” என்று மகன் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். அவன் சொல்வது உண்மைதான். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் அநேகம். ஆனால் விருந்து மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்தால், பேச்சு ஐந்து நிமிடத்தில் டச்சுக்குத் திரும்பிவிடும். பேரனின் மூன்று வயதுச் சினேகிதனுக்கு ஆங்கிலம் தெரியாது. பூட்டிய கடைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளுக்கும் தெரியாது.

அந்தத் தாளில் இருக்கும் சொல் ‘ஹெஸ்லோட்டன்’. மூடப்பட்டுள்ளது என்று பொருள். டிசம்பரில் முதலில் கண்ணில் பதிய வேண்டிய சொல் இதுதான். நெதர்லாந்தில் நத்தார் ஒரு நாள் பண்டிகை அல்ல. டிசம்பர் 25 ‘ஏர்ஸ்ட கெர்ஸ்ட்டாஹ்’, 26 ‘ட்வேட கெர்ஸ்ட்டாஹ்’, இரண்டும் அரசு விடுமுறை. முதல் நாள் பல கடைகள் பூட்டு. 24ஆம் திகதி மாலையிலேயே நேரத்தோடு அடைக்கத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பர் 31 இரவு எட்டு மணியளவில் ரயில்களும் அடங்கிவிடும். சாமத்திலும் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்து பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரயில் நிலையத்தில் காதில் விழ வேண்டியவை இரண்டே சொற்கள்: மேடைக்கு ‘ஸ்போர்’, தாமதத்துக்கு ‘ஃபர்ட்ராஹிங்’. அறிவிப்பில் மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ரயில் ஏறுமுன் மகனுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.

எண்ணும் மணியும்தான் ஆரம்பக்காரரைக் கவிழ்க்கும் இடம். டச்சுக்காரர் ஒன்றை முன்னால் சொல்லிப் பத்தைப் பின்னால் சொல்வார்கள். இருபத்தைந்து என்பது அவர்கள் வாயில் ‘ஃபைஃப்-என்-ட்விண்டஹ்’, ஐந்தும் இருபதும். ஐம்பத்திரண்டு ‘ட்வே-என்-ஃபைஃப்டஹ்’. சந்தையில் விலை கேட்கும் காது முதலில் ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஐம்பதுக்குப் போய்விடும். எண்களை எழுத்தில் படித்து மனனம் செய்வது இதற்கு உதவாது. பேரப்பிள்ளையோடு தாயம் உருட்டி, விழுந்த எண்ணை டச்சில் சத்தமாகச் சொல்லி விளையாடினால் ஒரு கிழமையில் பிடிபடும்.

மணியிலும் தமிழருக்கு ஒரு கெட்ட காலம் இருக்கிறது. ‘ஹல்ஃப் அஹ்ட்’ என்று சொன்னால் நேர்ப்பொருள் ‘அரை எட்டு’. ஆங்கிலம் படித்தவர் எட்டரை என்று எடுத்துக்கொள்வார். அது ஏழரை, எட்டாவது மணியில் பாதி போயிருக்கிறது என்பது கணக்கு. ஏழரை என்று எளிதாகச் சொல்லிப் பழகிய தமிழ் வாய்க்கு இந்த ஏழரை மட்டும் பிடி கொடுக்காது. விருந்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போவது நம் ஊரில் ஒரு செய்தியே அல்ல. டச்சு வீட்டில் அது செய்தி. அங்கே இரவுச் சாப்பாடே வழக்கமாக மாலை ஆறு மணிக்கு. ஒன்பது மணிக்குக் குழலில் புட்டு அவிக்கிற வீட்டிலிருந்து போகிறவர் வயிற்றையும் ஒரு கிழமைக்கு முன்பே பழக்க வேண்டியிருக்கும்.

சூரியனும் உதவி செய்யாது. டிசம்பர் 21ஐ ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் பொழுது விடிவது காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு. மாலை நாலரைக்கு இருட்டிவிடும். திருகோணமலையில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்லும் பழக்கம் அங்கே செல்லாது. ஆகவே எண்ணும் மணியும்தான் முதல் பாடம். வாழ்த்து வசனங்கள் அதற்குப் பிறகு.

வாழ்த்துகளைப் பொறுத்தவரை நாள் பார்த்துச் சொல்ல வேண்டும். நத்தாருக்கு முன்பு ‘ஃபைன கெர்ஸ்ட்டாஹன்’. எந்தப் பண்டிகை என்று தெரியாவிட்டால் ‘ப்ரெட்டஹ ஃபேஸ்ட்டாஹன்’, இனிய விழா நாட்கள். புத்தாண்டு பிறந்த பிறகு ‘ஹெலுக்கஹ் நியூயார்’, அல்லது ‘டெ பெஸ்ட வென்ஸன்’. கடைசியில் சொன்னது சனவரி முதல் கிழமைகளில் பஸ்ஸிலும் கடையிலும் மாடிப்படியிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதிலுக்கு அதையே திருப்பிச் சொன்னால் போதும். புத்தாண்டு வாழ்த்தோடு கன்னத்தில் மூன்று முத்தமும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இப்போது குறைந்து வருகிறது. கூச்சப்படுகிறவர்கள் கை கூப்பினால் யாரும் தவறாக எடுப்பதில்லை.

ஆனால் டச்சு டிசம்பர் நத்தாரில் தொடங்குவதில்லை. டிசம்பர் 5 மாலை ‘ஸிண்டர்கிளாஸ்’, புனித நிக்கலஸ் திருநாளுக்கு முந்திய இரவு. நவம்பர் நடுப்பகுதியில் அந்தப் பெரியவர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்குவதாக ஊரே கூடி நடிக்கும். பிள்ளைகள் இரவில் சப்பாத்தை அடுப்பங்கரையில் வைத்து, அவருடைய குதிரைக்கு ஒரு கரட்டையும் வைப்பார்கள். காலையில் சப்பாத்துக்குள் இனிப்பு இருக்கும். நிக்கலஸ் மாலுமிகளின் காவலர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் காவலரும் அவரே. அமெரிக்கா போய்ச் சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்ட சாண்டா கிளாஸ் இவருடைய வழித்தோன்றல். அவரோடு கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்த ‘பீட்’ என்னும் ஏவலாளைப் பற்றி அந்த நாட்டில் பல ஆண்டுகளாகக் கடும் சண்டை நடந்திருக்கிறது. விருந்தினர் அதில் தலையிடாமல் இருப்பது நல்லது. பேரன் கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்வது அதைவிட நல்லது. இலங்கைக்கும் இந்த விழா அந்நியம் அல்ல. 1908இல் தொடங்கிய கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் டிசம்பர் 5ஐப் பிள்ளைகள் விழாவாகக் கொண்டாடி வந்திருக்கிறது.

இந்த மாலைதான் ஆரம்பக்காரருக்கு உண்மையான சோதனை. பரிசோடு ஒரு கவிதையும் வரும். எதுகையோடு, பெயர் போடாமல், பரிசு பெறுகிறவரைக் கிண்டல் செய்து எழுதியிருப்பார்கள். பெறுகிறவர் அதைச் சபையில் உரக்க வாசித்த பிறகுதான் பொதியைப் பிரிக்கலாம். தன்னைப் பற்றிய கேலியைத் தனக்குப் புரியாத மொழியில் தானே வாசித்துக் காட்டுவது ஒரு விசித்திரமான விருந்தோம்பல்தான். தப்ப வழி இருக்கிறது: “வில் யை ஹெட் லேஸன்?” நீ வாசிக்கிறாயா என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். பிள்ளைக்கும் பெருமை, பாட்டிக்கும் ஆறுதல்.

இனி உண்ணும் மேசை. இதில்தான் சைவ வீட்டாரும் முஸ்லிம் வீட்டாரும் கவனமாக இருக்க வேண்டும். நத்தார் இரவுக்கு டச்சு வீடுகளில் மிகவும் பிரபலமானது ‘கூர்மெட்டன்’. மேசை நடுவில் சூடான தட்டு ஒன்று. ஆளுக்கொரு சின்னத் தாச்சி. இறைச்சித் துண்டுகளும் மரக்கறிகளும் கிண்ணங்களில். அவரவர் சுட்டுத் தின்ன வேண்டும். எது மாடு, எது பன்றி, எது கோழி என்று பார்த்துச் சொல்ல முடியாது. குளிர்காலப் பட்டாணிச் சூப் ‘ஸ்நெர்ட்’டிலும் பன்றியிறைச்சி வழக்கமாக இருக்கும். ஆகவே இரண்டு வசனங்களைத் தேவாரம் போல மனனம் செய்துகொள்ள வேண்டும். “இக் ஏட் ஹேன் ரண்ட்ஃப்லேஸ்”: மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. “இக் ஏட் ஹேன் ஃபார்கன்ஸ்ஃப்லேஸ்”: பன்றியிறைச்சி சாப்பிடுவதில்லை. திருவெம்பாவை நாட்களில் முழு மரக்கறி என்றால் ரண்ட், ஃபார்கன்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு ‘ஹேன் ஃப்லேஸ்’ என்றால் முடிந்தது. மீனும் ஆகாதென்றால் ‘ஹேன் ஃபிஸ்’ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சிக்குப் பதில் மீன் வந்து நிற்கும்.

அடுத்த பள்ளம் உபசாரம். நம் வீடுகளில் “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை; வீட்டுக்காரர் விடமாட்டார், இரண்டாம் தரம் கேட்பார், மூன்றாம் தரம் கேளாமலே போட்டுவிடுவார். டச்சு வீட்டில் ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே நம்பிவிடுவார்கள். அதைவிட மோசம், ஒருவர் தட்டை நீட்டும்போது நன்றி என்ற அர்த்தத்தில் ‘டாங்க் யூ’ என்று மட்டும் சொன்னால், அங்கே அதற்குப் பொருள் வேண்டாம் என்பதே. வேண்டுமென்றால் சொல்ல வேண்டியது ‘ஹ்ராஹ்’. இந்த ஒற்றைச் சொல் தெரியாமல் நிறைந்த மேசையில் அரைவயிற்றோடு எழுந்தவர்கள் புலம்பெயர்ந்தோர் கதைகளில் நிறைய வருவார்கள். சாப்பாடு பிடித்ததென்றால் ‘லெக்கர்’. சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, நல்ல தூக்கத்துக்கும் நல்ல வெயிலுக்கும் அதே சொல். டிசம்பரில் வெயிலுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பு அவ்வளவாகக் கிடைக்காது.

ஆண்டு முடிவில் தெருவோர வண்டிகளில் ‘ஓலிபொலன்’ பொரிப்பார்கள். மாவை உருண்டையாக எண்ணெயில் விட்டு, முந்திரிகை வற்றல் சேர்த்துப் பொரித்துச் சீனித்தூள் தூவிக் கொடுப்பது. நம் ஊர்க்காரர் வாய்க்கு இது முதல் கடியிலேயே உறவாகிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸும் டச்சுச் சமையலறையிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். நத்தாருக்குக் கொழும்பு வெதுப்பகங்களில் விற்கும் ‘புரூடர்’ கேக்கும் அப்படியே. பறங்கியர் அதை வெண்ணெயும் சீஸும் வாழைப்பழமும் வைத்து உண்பார்கள்.

சொற்களும் சில வந்து தங்கியிருக்கின்றன. முதியவர்கள் இன்னும் கந்தோருக்குப் போகிறார்கள், மேசை லாச்சியில் சாவி வைக்கிறார்கள், போஞ்சிக் கறி வைக்கிறார்கள், காணி உறுதி முடிக்க நொத்தாரிசிடம் போகிறார்கள். நான்கும் டச்சு. நெதர்லாந்தில் கொஞ்சம் திருத்திச் சொன்னால் நான்கும் செல்லும். ஆனால் நான்கு சொல்லை வைத்துக்கொண்டு நமக்கு ஏற்கனவே டச்சு தெரியும் என்று மார்தட்டுவது வெறும் மேடைப்பேச்சு. மார்கழியில் யாரும் நொத்தாரிசைத் தேடிப் போவதில்லை.

தமிழருக்கு உண்மையான அனுகூலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வினைச்சொல். “இக் வில் எய்ன் கார்ட்ய கோப்பன்” என்றால் எனக்கு ஒரு டிக்கெட் வாங்க வேண்டும். வாங்குவது கடைசியில் வந்து நிற்கிறது. துணைவாக்கியங்களிலும் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலேயர் இதில் தடுக்கி விழுவார்கள். தமிழருக்கு அது பழகிய பாதை. மற்றது மரியாதை. அவர்களிடம் ‘யூ’ என்றால் நீங்கள், ‘யை’ என்றால் நீ. பெரியவர், மருத்துவர், அதிகாரி, முன்பின் தெரியாதவர் என்றால் ‘யூ’ போட்டால் பிழை வராது. இளையவர்கள் பெரியவர்களைக்கூட ‘யை’ என்று அழைப்பது இப்போது சாதாரணம். மருமகளின் தோழி வந்து மாமியாரை நீ என்று அழைத்தாலும் கோபப்படக் கூடாது; அவள் நெருக்கமாகப் பேசுகிறாள். உச்சரிப்பில் தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’ ஓசைக்கு ஆய்த எழுத்தைப் பழகிய நாக்கு கொஞ்சம் முயன்றால் பக்கத்தில் போய்விடும். சில உயிரோசைகள் எந்த வயதிலும் முழுதாகச் சரிவராது. வராவிட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

மொழியை முழுதாகக் கற்ற தமிழரும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கொழும்பில் ஒல்லாந்தர் நடத்திய செமினரியில் படித்த பிலிப்பு தெ மெல்லோ 1723இல் பிறந்தவர். டச்சோடு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் பயின்று புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அது 1759இல் கொழும்பில் அச்சானது. மறுபக்கம், யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பால்டேயஸ் தமிழ் எழுத்துகளையும் இலக்கணத்தையும் தம் நாட்டாருக்கு அறிமுகம் செய்து 1672இல் ஆம்ஸ்டர்டாமில் நூல் வெளியிட்டார். பெரிய முயற்சிகள். ஆனால் இருவருமே மொழிக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்கள். மூன்று மாத விசாவில் போகிற ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

அரைகுறை வாசிப்பு எங்கே தடுக்கிவிடும் என்பதற்குச் சான்று இந்த ஊர்ச் சுவாமி மலையிலேயே நிற்கிறது. அங்குள்ள கற்றூணில் பிரான்சினா ஃபான் ரேட என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் டச்சில் வெட்டப்பட்டிருக்கின்றன. நினைவாக என்ற சொல்லையும் பெண் பெயரையும் கண்ட பிற்காலத்தார், காதலன் கப்பலேறிப் போக அவள் மலையிலிருந்து குதித்து இறந்தாள் என்று கதை கட்டினார்கள். ‘காதலர் பாய்ச்சல்’ என்ற பெயரும் ஊன்றிவிட்டது. கல்வெட்டிலோ சாவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. நினைவாக நிறுத்தப்பட்டது என்று மட்டுமே இருக்கிறது. அந்தப் பெண் அதற்குப் பிறகும் வாழ்ந்தவர் என்பதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இரண்டு சொல்லை வைத்து மீதியை ஊகிப்பது டிக்கெட் வாங்கும்போது பிழைப்பதற்கு உதவும்; மருந்துச் சீட்டிலோ வைத்தியசாலைக் கடிதத்திலோ உதவாது. விடுமுறை நாட்களில் குடும்ப வைத்தியர் இருக்கமாட்டார். ‘ஹவ்ஸார்ட்ஸன்போஸ்ட்’ என்ற அவசர வைத்திய நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டே போக வேண்டும். உயிராபத்து என்றால் 112. அந்த இடங்களில் டச்சுப் பயிற்சி வேண்டாம். ஆங்கிலமோ, மகனோ, மகளோ முன்னால் நிற்கட்டும்.

ஒரு நாளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டிசம்பர் 26. டச்சு நாட்காட்டியில் இரண்டாம் நத்தார் நாள். உறவினர் வீட்டுக்கோ தளபாடக் கடைக்கோ போகிற சோம்பலான நாள். திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும், அது 2004இல் கடல் ஊருக்குள் வந்த நாள். டச்சுக்காரருக்கும் அந்த ‘ட்வேட கெர்ஸ்ட்டாஹ்’ நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் நாட்டவரும் தாய்லாந்துக் கரைகளில் இறந்தார்கள். ‘கிரோ 555’ என்ற வங்கிக் கணக்கு எண்ணில் அந்த நாட்டு மக்கள் திரட்டிய உதவித்தொகை 20 கோடி யூரோவைத் தாண்டியது. மேசையில் யாராவது எந்த ஊர் என்று கேட்பார்கள். கடலோரம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அப்போது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம் கைவிட்டுவிடும். அதில் இருப்பதெல்லாம் நிகழ்காலம். “வை வாரன் டார்.” நாங்கள் அங்கே இருந்தோம். “மைன் புரூர் இஸ் ஃபர்ட்ரோங்கன்.” என் சகோதரர் மூழ்கி இறந்தார். இப்படிப்பட்ட வசனத்தை மருமகளிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, வாழ்த்து வசனம் பத்தைக் கற்றுக்கொள்வதைவிட முக்கியம். இதை ஆங்கிலத்தில் சொன்னால் தகவல். அவர்கள் மொழியில் பிழையோடு சொன்னாலும் மேசை வேறு மாதிரிக் கேட்கும்.

கடைசியாக நடைமுறைத் தொல்லை ஒன்று. டச்சுக்காரர் பொறுமையற்றவர்கள் அல்லர், ஆனால் உதவி செய்ய அவசரப்படுகிறவர்கள். ஒருவர் திக்கித் திணறி டச்சில் தொடங்கியதும் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அவர்கள் மனதில் அது உபகாரம். கற்கிறவருக்கு வாசல் அடைபடுகிறது. அதற்கும் ஒரு வசனம் உண்டு. “இக் லேர் நேடர்லாண்ட்ஸ். கன்ட் யூ லாங்க்ஸாம் ப்ராட்டன்?” டச்சு கற்கிறேன், மெதுவாகப் பேச முடியுமா? இதைச் சிரித்த முகத்தோடு சொன்னால் காசாளர்ப் பெண் நின்று, விலையை ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும்.

சனவரி முதலாம் திகதி ஷேவனிங்கன் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் உறையும் குளிரில் கூச்சலிட்டுக்கொண்டு கடலில் பாய்வார்கள். புத்தாண்டுக் குளியல் அது. மார்கழிக் கடலில் கால் வைக்காதே என்று பிள்ளையை அடக்கி வளர்த்த திருகோணமலைத் தாய் கரையில் நின்று அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை.

போகவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெதர்லாந்தின் பல நகர்களில் பொது நூலகங்கள் ‘டால்கஃபே’ என்ற பேச்சுப் பழக்கக் கூட்டங்களை நடத்துகின்றன. பெரும்பாலும் கட்டணம் இல்லை, இலக்கணப் பரீட்சை இல்லை, கோப்பியோடு உட்கார்ந்து பேசலாம். ஆனால் நத்தார் விடுமுறையில் பல இடங்களில் அவை நடப்பதில்லை. பயணச்சீட்டை டிசம்பர் முதல் கிழமைக்கே எடுத்து, வந்து சேர்ந்த மறுநாளே அருகிலுள்ள நூலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். தனியே போங்கள், மகனைக் கூட்டிக்கொண்டு போனால் அவன்தான் பேசுவான்.